பின்சீட்டுக்கு அடியில் இருந்த தாள்

லைல் ப்ரூக்னர் வந்து இறங்கியதும் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலேயே கான்ராட் ஜிலின்ஸ்கிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த ஊரில் காபி வேண்டாம் என்கிறவன் ஒன்று வரி ஆபீஸிலிருந்து வந்திருப்பான், இல்லையென்றால் கெட்ட செய்தி கொண்டு வந்திருப்பான்.

லைல் பழைய கார் அசலா போலியா என்று பார்த்துச் சொல்கிறவர். ஒஹாயோ மாநிலம் முழுக்க அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு மறுபேச்சு கிடையாது. காரேஜ் தரையில் ஒரு துண்டை விரித்து, கைவிளக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி, காமிரா எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். வாசலருகே மடக்கு நாற்காலியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கான்ராடின் மனைவி வெர்னா உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாத வெயிலிலும் மடியில் கம்பளி. காலையிலேயே உதட்டுச் சாயம் பூசி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தயாராகியிருந்தாள்.

"சீக்கிரம் பாருங்க லைல். எனக்கு இருக்கிற மூச்சு உங்க மீட்டர்ல ஓடுது," என்றாள்.

"பாத்துட்டுதாம்மா இருக்கேன்."

நடுவில் நின்ற கார் 1970-இல் செய்தது. கரும்பச்சை நிறம், இரண்டு கதவு, அந்த வருடம் கம்பெனி வைத்ததிலேயே பெரிய என்ஜின். தொல்லை என்னவென்றால், அதே உடம்பில் சாதாரண என்ஜின் வைத்தும் கம்பெனி லட்சக்கணக்கில் விற்றது. கெட்டிக்காரன் எவனாவது சாதாரணக் காரில் பெரிய என்ஜினை இறக்கி, பக்கவாட்டில் இரண்டு கோடு போட்டு அசல் என்று தலையில் கட்டிவிடலாம். கட்டியும் இருக்கிறார்கள், நிறைய.

பள்ளிக்கூடக் கேன்டீனில் பதினாலு வருடம் தட்டு கழுவிச் சேர்த்ததை எல்லாம் கொட்டி, 1991-இல் வெர்னா இதை வாங்கினாள். கான்ராடின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு. அந்த ஆகஸ்டில் ஊர்க் கார் கிளப்பின் கண்காட்சிக்குப் பெருமையாக ஓட்டிப்போனார்கள். கிளப் தலைவன் டுவேன் ஹாட்ச் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினான். "நல்லா கட்டியிருக்கான்மா உன் தலையில," என்றான், பத்துப் பேர் நடுவில். அசல் கார்களுக்கு முதல் வரிசை. ஒட்டுப்போட்டவற்றுக்குக் கடைசி வரிசை, தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில். முப்பத்தொரு வருடமாக அவர்கள் கார் அங்கேதான் நிற்கிறது. "டாய்லெட்டுக்குப் போறவன் எல்லாம் என் கார் கண்ணாடியைப் பாத்து தலை சீவிட்டுப் போறான்," என்று வெர்னா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு கான்ராடுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

இப்போது அவள் நுரையீரல் கைவிட்டுவிட்டது. ஆகஸ்ட் வரை பேசிய டாக்டர் செப்டம்பரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை அந்தக் கார் முதல் வரிசையில் நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் உட்கார வேண்டும். தான் ஏமாறவில்லை என்று டுவேன் ஹாட்ச் பார்க்க வேண்டும். அதற்கு லைலின் கடிதம் வேண்டும்.

லைல் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த நம்பர் தகட்டைப் படித்தார். அது காரின் வரிசை எண்ணைச் சொல்லும், என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. பிறகு என்ஜினில் கைவிளக்கை அடித்தார். தொழிற்சாலையில் வரிசை எண்ணைக் குத்தியிருக்க வேண்டிய முகப்பு வழுவழுவென்று மின்னியது.

"இதை யாரு சீவினது?"

"நான்தான். தொண்ணூத்தி நாலுல என்ஜின் சூடாச்சு. பட்டறைக்காரன் மேல்முகத்தை லேசா சீவட்டுமான்னு கேட்டான். முகம் பாக்கிற மாதிரி சீவுடான்னு சொன்னேன்," என்றான் கான்ராட்.

"நம்பர் அதோட போச்சு."

"போச்சு."

அது ஊரறிந்த முட்டாள்தனம். காரை நேசிக்கிறவன்தான் இப்படிச் செய்வான், அக்கறையில்லாதவன் அப்படியே விட்டுவைத்திருப்பான். பெட்ரோல் டாங்கின் மேலே ஒட்டியிருக்கும் தாளும் டாங்கை மாற்றியபோது போய்விட்டது. மிச்சம் இருந்தது பின்சீட்டு மட்டும். எந்தக் காருக்கு எந்த என்ஜின், எந்த கியர், என்ன நிறம் என்று குறியீடுகளாக அச்சடித்த தாள் ஒன்றைத் தொழிற்சாலையில் பின்சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகி அனுப்புவார்கள்.

வெர்னாவின் நம்பிக்கை எல்லாம் அதில்தான். காரணம் இருந்தது. அந்தத் தாளைச் செருகியதே கான்ராட். பத்தொன்பது வயதில், அதே தொழிற்சாலையில், சீட்டுப் பிரிவில் அவன் வேலையே அதுதான்.

"லைல், உங்களுக்குத் தெரியுமா? அத்தனை ஆயிரம் காருல ஒரு தாள்கூட இவர் கையில மாறிப் போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட அளந்ததே அதைத்தான்," என்றாள் வெர்னா.

கான்ராட் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். அளந்தது உண்மை. அம்பது வருடமாக அளந்துகொண்டே இருந்தான், விருந்தில், கிளப்பில், பேரப்பிள்ளைகளிடம். வெள்ளிக்கிழமை மத்தியானங்களைப் பற்றி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு பார் இருந்தது. சாப்பாட்டு மணிக்குப் போனால் மூன்று பீர். திரும்பி வருவதற்குள் ஒரு சீட்டு தாள் இல்லாமல் நகர்ந்துபோயிருக்கும். அந்தத் தாளை அடுத்த சீட்டில் செருகுவான், அதற்குரியதை அதற்கடுத்ததில். ஷிப்ட் முடிகிறவரை எல்லாம் ஒவ்வொன்று தள்ளியே போகும். யார் பார்க்கப்போகிறார்கள்? சீட்டுக்கு அடியில் கிடக்கும் தாளை அம்பது வருடம் கழித்து ஒருத்தர் கண்ணாடி வைத்துப் படிப்பார் என்று எந்தப் பையனுக்குத் தோன்றும்? இத்தனை வருடமாக அந்தச் சீட்டைக் கழற்றாமல் அவன் சாக்குச் சொல்லி வந்ததும் இதனால்தான்.

லைல் சீட்டைத் தூக்கிக் கவிழ்த்தார். பஞ்சும் எலிப்புழுக்கையும் கொட்டின. ஸ்பிரிங்குக்குள் பழுப்பாக ஒரு மடிப்பு தெரிந்தது.

"இருக்கு," என்றார்.

வெர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

லைல் இடுக்கியால் தாளை எடுத்து, துண்டில் வைத்து, மடிப்பு மடிப்பாக விரித்தார். கட்டம் கட்டமாகக் குறியீடுகள். மேலே வரிசை எண். லைல் அதைப் படித்தார், எழுந்துபோய் கண்ணாடிக்குக் கீழே இருந்த தகட்டைப் படித்தார், திரும்பி வந்து மறுபடி தாளைப் படித்தார். கான்ராட் தாளைப் பார்க்கவே இல்லை. லைலின் நடையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது வேற காரோட தாள். உங்க காருக்கு முந்தின நம்பர். ஆறு சிலிண்டர் சின்ன என்ஜின், நாலு கதவு, ரேடியோகூடக் கிடையாது."

"முந்தினதா?" என்றாள் வெர்னா.

"தாள் மாறிப்போறது உண்டும்மா. இதனால உங்க கார் போலின்னு ஆகாது. ஆனா அசல்னு நான் எழுத முடியாது. கண்ணால பாத்ததைத்தான் எழுதுவேன்."

தாளின் மூலையில் பென்சிலால் போட்ட கொக்கி ஒன்று இருந்தது. செருகியவன் போட வேண்டிய அடையாளம், கான்ராடின் கொக்கி. இவர்கள் காரின் தாள் அடுத்து வந்த ஏதோ ஒரு காருக்குள் போயிருக்கும். அது இரும்புக்கடையில் நசுங்கி நாற்பது வருடமாவது ஆகியிருக்கும்.

"அப்ப டுவேன் சொன்னது சரிதான். காரை வித்த ஆளு என்னை ஏமாத்திட்டான்," என்றாள் வெர்னா. குரலில் கோபம்கூட இல்லை.

"இல்ல, வெர்னா. யாரும் உன்னை ஏமாத்தல. நான்தான்." கான்ராட் அவள் முன்னால் மண்டியிட்டான். முழங்கால் வலித்தது. பார், மூன்று பீர், தள்ளிப்போன தாள்கள், எல்லாவற்றையும் சொன்னான். வாழ்நாளில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் அவன் பேசியதில்லை. "அந்தக் கொக்கியைப் பாரு. நான் போட்டது. கார் அசல்தான். நான் குடிச்சுட்டு மாத்திச் செருகிட்டேன்."

வெர்னா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் கன்னத்தில் கை வைத்தாள். கை சில்லென்று இருந்தது.

"அம்பது வருஷமா ஒரு தாள்கூட மாறலன்னு சொன்னவர், இப்ப எனக்காக இப்படி ஒரு கதை கட்டுறீங்க பாருங்க."

"கதை இல்ல, சத்தியமா..."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வராது கான்ராட். ஆனா நல்ல மனுஷன் நீங்க." லைலைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் கிழவரை நம்பாதீங்க. நான் அழுதுடுவேனோன்னு பயந்து உளர்றார்."

கான்ராட் லைலைத் திரும்பிப் பார்த்தான். லைல் நம்பினார், முகத்திலேயே தெரிந்தது. நம்பி என்ன பண்ண? அவர் கண்ணாடியையும் காமிராவையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்ட்ல எப்பவும் நிக்கிற இடத்துலயே நிப்போம். எனக்குப் பழகிடுச்சு. இப்ப சீட்டை மாட்டுங்க, பாக்கவே அலங்கோலமா இருக்கு," என்றாள் வெர்னா. கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு தெருப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது.

லைலின் வண்டி கிளம்பிப் போனது. கான்ராட் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். கவிழ்ந்து கிடந்த சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இடது கட்டைவிரல் தானாக மூன்றாவது ஸ்பிரிங்கை அமுக்கியது, வலது கை தாளை உள்ளே தள்ளி ஒரு திருகு திருகிவிட்டது. பார்க்காமலே. கண்ணை மூடினாலும் அந்தக் கைக்கு இடம் தெரியும்.

"வெர்னா, இங்க பாரு," என்றான்.

அவள் திரும்பவில்லை.