லைட் பிடிக்க ஓர் ஆள்

ஹெப்சி துண்டால் ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். அப்பாவின் நெற்றி தெரிந்தது. மூக்குவரை துடைப்பதற்குள் நெற்றியை மறுபடியும் பனி மூடியது.

“மழை பேஞ்சிகினு கீதுல்ல, பனி புடிக்கத்தான் செய்யும்,” என்றார் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த தயாளன். “அதுக்கோசரம் மூடியத் தொறந்துடாத பாப்பா. நாளைக்கு வரைக்கும் கூலிங் நிக்கணும். இன்னா, சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம்?”

“நாசரேத்லேருந்து வரணும். ட்ரெயின்ல இருக்காங்க.”

அவர் டீ குடிக்கப் போனார். காலையில் வந்தவர்கள் ஜெபம் செய்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு ஈவ்லின் ஆன்ட்டிகூடப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். அம்மா இறந்தபின் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த வீடு இது. இன்னும் தெருவில் யாரும் அவ்வளவு பழக்கமில்லை.

போன் அடித்தது. அண்ணன் கிருபா. வடதுருவக் கடலில், உறைபனிக்கு அடியில் நீந்தித் தண்ணீரை அளக்கும் ரோபோவை வடிவமைத்தவன். அந்த ரோபோவோடு அவனும் அங்கே போயிருக்கிறான். கப்பல் வந்தால்தான் திரும்ப முடியும். வீடியோ பேச சாட்டிலைட் இன்று கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், நாளை அடக்கத்தின்போது கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தான்.

“அப்பாவக் காட்டு.”

அவள் போனின் லைட்டைப் போட்டுக் காட்டினாள்.

“ஒரே வெள்ளையா இருக்கு, ஹெப்சி.”

“பனிண்ணா. தொடச்சிட்டேதான் இருக்கேன்.”

“அந்த லைட்ட அணை. லைட்டும் கேமராவும் ஒரே எடத்துல இருந்தா நடுவுல இருக்கறதுதான் மின்னும். அதுக்காகத்தான் ரோபோவுக்கு லைட்ட மட்டும் தனியா ஒரு நீளக் கையில மாட்டினோம். எமர்ஜென்சி லைட்ட எடு. சைடுல, நல்லாத் தள்ளி, தாழ்வாப் பிடிக்கணும். யாரையாவது பிடிக்கச் சொல்லு.”

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன.

“ஈவ்லின் ஆன்ட்டி,” என்றாள் அவற்றிடம், “இந்த லைட்டக் கொஞ்சம் பிடிங்களேன்.”

கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். வலது கையில் போனை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தாள். இடது கையில் எமர்ஜென்சி லைட்டை எடுத்து, தோள் வலிக்கும்வரை நீட்டினாள். வெளிச்சம் கண்ணாடியின் மேல் சாய்ந்து ஊர்ந்தது. அப்பாவின் முகம் தெரிந்தது. மீசையோரம் கத்தரிக்காமல் விட்ட நரைமுடி தெரிந்தது.

கிருபா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான்.

“தெரியுதாண்ணா?”

திரை உறைந்து நின்றது. பிறகு இணைப்பு போய்விட்டது. மறுபடி வந்தாலும் வரும் என்று அவள் கையை இறக்காமல் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் படம் ஒன்று வந்தது. அவன் அங்கே திரையில் பிடித்துவைத்த படம். அப்பாவின் முகம் தெளிவாக இருந்தது. அதன்மேல், கண்ணாடியின் பிரதிபலிப்பில், இரண்டு கைகளையும் இருபக்கமும் விரித்துக்கொண்டு ஹெப்சி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலிகள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “ஆன்ட்டிய ஒக்காரச் சொல்லு. கை வலிக்கும்.”

ஹெப்சி ஒரு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.