கெஸியா சொன்ன பதில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பன்றியின் காதிலிருந்து பிறந்தது.

அமெரிக்காவில், மேரிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன மாவட்ட நீதிமன்றம். அதன் ஆவண அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்குப் பழைய பத்திரப் புத்தகங்களை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பாதிப் பேர் தங்கள் வம்சத்தில் ஒரு பிரபுவைத் தேடி வந்து, தூசியில் நாலு தும்மல் போட்டுவிட்டுப் போவார்கள். வின்னி லாரிமோர் அந்த ரகம் இல்லை.

(நேரில் ‘மிஸ் வின்னி’ என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் ‘அவள்’ என்று எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘1758 அக்டோபர். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கெஸியா தன்...’

மழை பெய்ததாகப் பத்திரத்தில் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டிய வின்னியின் வீட்டுக்குப் பின்னால் குடும்பக் கல்லறைகள் இருக்கின்றன. ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டி கெஸியாவுக்கு மட்டும் கல் இல்லை. வருகிற சனிக்கிழமை குடும்பமே கூடி அவளுக்குக் கல் நடப்போகிறது. வின்னியின் பெரியப்பா மகன் ரஸ்ஸல், கல் செதுக்குகிறவரிடம் மூன்று வரி கொடுத்துவிட்டான்: கெஸியா. ஜோசையா லாரிமோரின் மனைவி. கேப்டன் ஹார்ட்வெல்லின் மகள்.

வின்னிக்கு மூன்றாவது வரிதான் உறுத்தியது. கேப்டனின் உயிலில் எல்லா மகள்களும் இருக்கிறார்கள். யாருக்கு எந்தக் கரண்டி என்பதுகூட இருக்கிறது. கெஸியா இல்லை. அவள் உண்மையில் யார் மகள் என்று தெரியாமல் கல்லை நடவிடக் கூடாது என்று வின்னி முடிவு செய்துவிட்டாள்.

3

அந்தக் காலத்தில் இங்கே பன்றி, மாடு எல்லாவற்றையும் காட்டில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு குடும்பமும் காதில் ஒரு தனி வெட்டுப் போடும். அந்த வெட்டை நீதிமன்றத்தில் பதிய வேண்டும். அப்பன் வெட்டு பிள்ளைக்குப் போகும். வம்சம் தேடுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறப்பதேயில்லை. வின்னி திறந்தாள். மூன்றாம் நாள் கிடைத்தது:

எட்மண்ட் பாக்லி, முன்பு கேப்டன் ஹார்ட்வெல்லின் ஒப்பந்த வேலைக்காரன். இடது காதில் குருவிவால் வெட்டு, வலது காதில் துளை.

அதன் கீழே, வேறு மையில், 1752: இந்தக் குறி அவன் மகளும் ஜோசையா லாரிமோரின் மனைவியுமான கெஸியாவுக்கு மாறுகிறது.

“கண்ணு, இங்க வா. நான் படிச்சது சரிதானான்னு நீ ஒரு தடவ படி.”

படித்தேன். சரிதான். ஹார்ட்வெல் வீட்டு வேலைக்காரன் மகள், நாலு தலைமுறை வாயில் புகுந்து வந்ததில் ஹார்ட்வெல் மகளாகிவிட்டாள்.

(கேப்டனின் உயிலோடு இருந்த சொத்துப் பட்டியல்: அவருடைய அடிமைகளைப் பானை சட்டியோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். வெறும் பெயர்தான், அப்பன் பெயர் கிடையாது. பன்றிக்குக் கிடைத்த வரலாறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் எனக்கு அடுத்த பகுதி எழுத வரவில்லை.)

4

ரஸ்ஸலை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். நண்டுப் படகுக்காரன், உரத்த குரல், வசதியாக இருந்தது. ஆனால் அவன் முழுப்பெயர் ரஸ்ஸல் ஹார்ட்வெல் லாரிமோர். அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுப்பெயர் அதேதான். பாவம், கேப்டனைப் பெயருக்கு நடுவிலேயே சுமந்துகொண்டிருக்கிறான்.

“பன்னிக் காத காட்டி என் பேரையே புடுங்கப் பாக்குறியா, வின்னி?”

“உன் பேர நீயே வச்சுக்கடா. கல்லுல பொய் வேண்டாம்.”

“வேலைக்காரன் மகள்னு போடவா? சனிக்கிழம ஊரே வருது!”

“ஊரு வர்றது நண்டு வடைக்கு. கத்தாம இதப் படி.”

வின்னி நகல் எடுத்து வைத்திருந்த இன்னொரு பக்கத்தை நீட்டினாள்.

5

அப்போதைய வழக்கம் இது. கணவன் நிலத்தை விற்றால், அந்த நிலத்தில் தனக்குள்ள உரிமையை மனைவி விட்டுக் கொடுக்க வேண்டும். கணவனைக் காதுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டு, நீதிபதி அவளிடம் தனியாகக் கேட்பார்: அவன் கோபத்துக்குப் பயப்படாமல், மனசார இசைகிறாயா? எங்கள் புத்தகங்களில் இப்படி ஆயிரக்கணக்கான பதில்கள். இசைந்தாள், இசைந்தாள், இசைந்தாள். வேறு மாதிரியான பதில் ஒன்றே ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

1758. ஜோசையா நூற்றிருபது ஏக்கரையும் விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நிற்கிறான். குமாஸ்தா எழுதுகிறார்: ‘கெஸியா தனியே விசாரிக்கப்பட்டாள். இசையவில்லை.’

விற்பனை அதோடு நின்றுவிட்டது. பிறகு அவள் அதே கணவனோடு அதே வண்டியில் வீடு திரும்பியிருக்க வேண்டும். அந்த வண்டியை நினைத்தால் எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ரஸ்ஸல் இரண்டு தடவை படித்தான்.

“அப்போ என் படகுத் துறை?”

“அவ மாட்டேன்னு சொன்ன நிலத்துலதான் இருக்கு. என் வீடும் அதுலதான்.”

(ரஸ்ஸல் தாளைக் கசக்கி எறிவதாக ஒரு முடிவு எழுதினேன். கண்ணீர் விடுவதாக இன்னொன்று. இரண்டும் அவனுக்குப் பொருந்தவில்லை.)

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“கேப்டன எடுத்துரு. அவ அப்பன் பேரையே போடு,” என்றான். “கீழ ஒரு வரிக்கு எடம் இருக்குல்ல? அவ அன்னைக்கு என்ன சொன்னாளோ, அதப் போடுவோம். என்ன சொன்னா?”

குமாஸ்தா அதை எழுதி வைக்கவில்லை.

6

நான் எழுதிப் பார்த்தேன். ‘என் பிள்ளைகள் எங்கே போவார்கள்?’ அழுகை அதிகம். ‘என் அப்பனின் பன்றிகள் மேய்ந்த மண் இது.’ அழகு அதிகம். ‘நீதிபதி அவர்களே, நான்...’

வின்னி எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதெல்லாம் நீ பேசுற மாதிரி இருக்கு, கண்ணு. அவ பேசுற மாதிரி இல்ல.”

உண்மைதான். ஜோசையா அவளுக்காகப் பேசினான். குடும்பம் அவளுக்கு ஒரு கேப்டனை ஒட்டவைத்தது. இப்போது நானும் வரிசையில் நிற்கிறேன்.

இன்று வியாழன். கல் செதுக்குகிறவர் நாளை மாலைவரை காத்திருப்பார். நான்காவது வரி இன்னும் காலியாக இருக்கிறது.

நீதிபதி அவளை விசாரித்த அந்த அறையில் ஒரு விதி உண்டு. அவளுக்காகப் பேசக்கூடியவன் எவனும் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. ஜோசையா ஏற்கெனவே வெளியே நிற்கிறான். நானும் எழுந்து போகிறேன். கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உள்ளே நீங்களும் கெஸியாவும் மட்டும்தான். கேளுங்கள்.