ஓரகத்தியின் ஓவியப் பள்ளி

"யாரு இங்கிருந்த கெட்டிலை எடுத்தது?"

கேட்டவள் வீட்டின் இளைய மருமகள். தோளில் மாட்டியிருந்த வரைபலகையைக்கூட அவள் இன்னும் இறக்கவில்லை. மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்த கெட்டில், கண்ணாடிக் குவளை, இரண்டு முட்டை எதுவும் சன்னலோர மேசையில் இல்லை. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"நான்தான். முட்டையை அவிச்சாச்சு" என்றாள் மூத்த மருமகள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "இது குடியிருக்கிற வீடா, பொருட்காட்சியா?"

"அக்கா, நாளைக்கு வகுப்புல ஒப்படைக்கணும். நிழல் மட்டும்தான் பாக்கி."

"நிழலுக்கு எதுக்கு முட்டை?"

கூடத்தில் இருந்த மாமியார் சிரித்துவிட்டாள். இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கணவன் தொழிற்சாலையில் பாரம் சரிந்து இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "எத்தனை காலத்துக்கு நாம வச்சுப் பாத்துக்கறது? ஏதாவது படிச்சு ஒரு வேலையில உக்காரட்டும்" என்று மாமியார்தான் அவளை ஓவியப் பள்ளியின் அடிப்படை வகுப்பில் சேர்த்துவிட்டாள். மூத்தவளும் இதே பள்ளியில் சேரக் கேட்டவள்தான், கல்யாணமான இரண்டாம் வருடம். "புருஷன் இருக்கிறவளுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று அன்றைக்கு வீடே ஒரே வாயாகச் சொன்னது. பதினோரு வருடமாக அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது தினமும் காலை எட்டரைக்கு இளையவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே மூத்தவள் பாத்திரத்தை உருட்டத் தொடங்கிவிடுவாள். முதல் வாரம் அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடச் சொன்னார்கள். அப்புறம் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பத்துக் கட்டம். அப்புறம் மூன்றே நிறத்தைக் குழைத்துப் பன்னிரண்டு நிறம். தரை துடைக்கிற சாக்கில் மூத்தவள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். பத்துக் கட்டத்தில் ஆறும் ஏழும் ஒரே சாம்பல் என்று கண்டுபிடித்தாள். சொல்லவில்லை. போய் மதிப்பெண் குறையட்டும் என்றிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்தா பொறாமைப்படுகிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் எரிச்சல் அடங்கவில்லை.

"உனக்கென்னம்மா" என்றாள் இன்று, கரண்டியை ஓங்கி வைத்து. "கொடுத்து வச்சவ."

மாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆமாக்கா, கொடுத்தேன்" என்றாள் இளையவள். "அவரைக் கொடுத்தேன். வச்சது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். துணியை விரித்தாள். கெட்டிலைத் துடைத்து, கைப்பிடி இடப்பக்கம் பார்க்க வைத்தாள். நாலு விரல் தள்ளிக் குவளை. கூடையிலிருந்து புதிதாக இரண்டு முட்டை. இளையவள் தன் படத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். மயிரிழை பிசகவில்லை.

"நிழலை முழுசா அப்பிடாத" என்றாள் மூத்தவள் தணிந்த குரலில். "குவளைக்குள்ள புகுந்து வெளிச்சம் வருது பாரு. நடுவுல வெளுத்திருக்கும்."

"போட்டுக் காட்டுங்களேன்."

கரித்துண்டை வாங்கித் தனித்தாளில் போட்டாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. முட்டை தாளைவிட்டு உருண்டு விழுந்துவிடும்போல இருந்தது. பார்த்த இளையவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்று நாள் உழைப்பு இப்படிச் சப்பென்று போய்விட்டதே! தாளை ஒளித்துவைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனாலும் மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆசிரியரிடம் காட்டினாள். திரும்பிவரும்போது கையில் அக்காவுக்கென்று ஒரு சேர்க்கை விண்ணப்பம் இருந்தது.

கணவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, மூத்தவள் அதைக் கையெழுத்துக்கு நீட்டினாள். அவன் படித்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டான்.

"அவ போறான்னா அவளுக்கு ஆள் இல்ல, போறா. உனக்கென்ன வந்துச்சு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அதுவரைக்கும் காத்திருக்கணுமா?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

"வாயக் கழுவுடி!" மாமியார் எழுந்தே விட்டாள். ஒரு மகனைப் பறிகொடுத்தவள் அவள்.

"அத்தை, அவர் நூறு வருஷம் நல்லா இருக்கணும். அவர் இருக்கும்போதே படிக்கணும்னுதானே கேக்கறேன்? அவ படிக்கறதுக்கு நம்ம வீட்ல ஒரு உயிர் போக வேண்டியிருந்துச்சு. எனக்கும் அப்படித்தானா?"

மாமியார் இளையவளைப் பார்த்தாள். இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, சமையலை முடித்து மூடிவைத்துவிட்டு, எட்டரைக்கு ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். பள்ளி அலுவலகக் கவுண்டரில் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கணவர் கையெழுத்து இல்லையேம்மா."

"என்கிட்ட கேக்கலையே சார்?" என்றாள் இளையவள்.

அவர் கோப்புக் கட்டிலிருந்து அவளுடைய பழைய விண்ணப்பத்தை உருவி, ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "உங்களுக்குக் காலமானார்னு போட்டிருக்கு. அப்படின்னா தேவையில்ல. இவங்களுக்கு அந்த எடம் காலியா இருக்கு. ஏதாவது ஒண்ணு இருக்கணும்." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விதியைத்தான் சொன்னார்.

மூத்தவள் அவரிடமிருந்தே பேனாவை வாங்கினாள். கணவர் என்ற கட்டத்தில், 'நலமாக இருக்கிறார்' என்று நிறுத்தி எழுதி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

எழுத்தர் இரண்டு முறை படித்தார். அவளைப் பார்த்தார். நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.