உடைந்த தொட்டி

மலேசியாவில், பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ரோகினிக்கு இரண்டு மாதமாக மூச்சு வாங்கியது. பாதி வேலையிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

“சோம்பேறித்தனம் புடிச்சிருச்சு ஒனக்கு,” என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமகிருஷ்ணன், மற்றப் பெண்கள் காதில் விழும்படி. “முடியலன்னா வீட்ல இரு லா.”

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. மறுநாளே பஸ் ஏறி கிளினிக்குக்குப் போய் இரத்தமும் மலமும் சோதிக்கக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்துப் பெண் ஷாமினி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

“கொக்கிப்புழு அக்கா. பாதத் தோல் வழியா ஏறி, குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தக் குடிக்குது. அதான் மூச்சு வாங்குது.”

ரோகினிக்குக் கூச்சமாக இருந்தது. “என் ஒடம்பு அவ்ளோ மோசமாவா போச்சு?”

“யாரு சொன்னா? இதப் பாருங்க.”

ரோகினி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெளிறிய வட்டங்களுக்கு நடுவே, ஆரஞ்சுப் பொடி அடைத்தது போல் சில அணுக்கள்.

“இயோசினோபில். வெள்ளை அணுவுல ஒரு வகை. நூத்துக்கு ரெண்டு மூணு இருந்தாலே போதும், ஒங்களுக்கு இருபத்திரெண்டு. புழுவ முழுங்க முடியாது, அவ்ளோ பெருசு. அதனால கூட்டமாப் போய் குஞ்சுப்புழு மேல ஒட்டிக்கிட்டு, உள்ள தெரியுற அந்த ஆரஞ்சுப் பொடியக் கொட்டிக் கொல்லப் பாக்கும். ஒங்க ஒடம்பு சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் ஜெயிக்கல?”

“குடல்ல இருக்கிற பெரிய புழுவுக்கு மாத்திரை வேணும். டாக்டர் தருவாரு. ஆனா மலம் கலந்த சேத்துல வெறுங்காலோட நடந்தா, திரும்பவும் ஏறும்.”

எந்தச் சேறு என்று ரோகினிக்குத் தெரியும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் தொட்டி உடைந்து ஒரு வருடம். அதிலிருந்து கசிந்த சேற்றை மிதித்துத்தான் எல்லாரும் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் மற்றப் பெண்களிடம் பேசினாள். திங்கட்கிழமை காலை, பெயர் கூப்பிடும் நேரத்தில் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சார், என் ரத்தம் ஒழுங்கா வேலை செய்யுது. ஒங்க தொட்டிதான் செய்யல. அதச் சரி பண்ற வரைக்கும் நாங்க தோட்டத்துக்குள்ள வேலைக்குப் போக மாட்டோம்.”

“அடுத்த மாசம் பாக்கலாம்.”

“புழு அது வரைக்கும் காத்திருக்காது சார்.”

“ரொம்பப் பேசாத!” என்று மண்டோர் பாய்ந்தார்.

“அண்ணே, ஒங்க வீட்டு ஆளுங்களும் அந்த வழியாத்தானே போறாங்க? அவங்களுக்கும் ரத்தம் பாத்துட்டு வந்து திட்டுங்க.”

ரோகினி தரையில் உட்கார்ந்தாள். அவளோடு வந்த பதினோரு பெண்களும் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் சிமெண்டு வளையங்களோடு லோரி வந்தது; ஆட்கள் இறங்கிப் புதுத் தொட்டிக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

“இப்பவாவது வேலைக்குக் கெளம்பலாம்ல?” என்றார் மேனேஜர்.

“தொட்டிக்கு மூடி போடட்டும் சார்,” என்ற ரோகினி, இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.