பலூன் விழுந்த கடல்

இரண்டு நாளாக ஆலங்குடாவில் ஒருவரும் நிமிர்ந்த கழுத்தை இறக்கவில்லை. கல்பிட்டிப் பக்கத்து வானத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, வெயிலிலும் மங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. உளவு பார்க்கிற பலூன் என்றார்கள். விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே நிற்கிறதாம். எந்த நாட்டுக்காரன் விட்டான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என்னுடையது என்று ஒரு நாடும் வாய் திறக்கவில்லை. நம்முடைய வானத்துக்குள் கேட்காமல் எப்படி வரலாம் என்று தொலைக்காட்சியில் ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள். கரையில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிற வெள்ளைக்காரர்களிடம், மறு அறிவித்தல் வரும்வரை ஒன்றும் மேலே எழும்பக்கூடாது என்று பொலிஸ் சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் பெட்டியைக் கட்ட, விடுதியில் அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த நிஃப்லா வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

அவளுடைய கணவன் சரீபுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

"மேல நிக்கிறது மேல நிக்கட்டும். மீன் கீழதானே ஈக்கிது" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு கூட்டாளி றொபின்சனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்.

அன்று பகல்தான் பலூன் விழுந்தது. சுட்டு விழுத்தினார்களா, தானாக வெடித்ததா, தெரியாது. புள்ளி நீண்டு, கோணி, மேற்கே கடலுக்குள் இறங்கியதை ஊரே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் கடற்படையின் ஒலிபெருக்கி கரையோரமாக வந்தது: விழுந்ததை எடுக்கும்வரை ஒரு படகும் போகக்கூடாது, போன படகெல்லாம் திரும்ப வேண்டும். பின்னேர அஸர் தொழுகைக்குள் எல்லாம் திரும்பின. சரீபின் படகு மட்டும் வரவில்லை. கைபேசியும் எடுபடவில்லை. விடிந்தும் வரவில்லை.

நிஃப்லா கடற்படை முகாம் வாசலுக்குப் போனபோது றொபின்சனின் மனைவி யூஜீனியா அங்கே செபமாலையோடு நின்றிருந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது. இளம் லெப்டினன்ட் ஒருவர் வெளியே வந்தார். மன்னாரில் வேலை செய்தபோது பழகிய தமிழ் அவருக்கு இருந்தது.

"ரெண்டு பேர் கடல்ல ஈக்கிறாங்க சேர். தேட ஒரு போட் விடுங்க" என்றாள் நிஃப்லா.

"காவல் போட் ஒண்டத் தவிர எங்கட போட் எல்லாம் விழுந்த இடத்தில பலூன் தேடுது, அக்கா. இவங்களப் பத்தியும் சொல்லி இருக்கு. அது முடிஞ்ச உடனே தேடுவாங்க."

"பலூனுக்குத் தண்ணித் தாகம் எடுக்காது சேர். இவங்களுக்கு எடுக்கும்."

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு மேல இருந்து ஓடர். நான் என்ன செய்ய?"

நிஃப்லா அதற்குமேல் கெஞ்சவில்லை. நேரே அண்ணன் நளீமிடம் போனாள். அவன் மணலில் ஏற்றிவைத்த தன் படகின் நிழலில் குந்தியிருந்தான்.

"நளீம் நானா, போட்ட இறக்குங்க."

"ஒனக்கு விசரா? லைசனப் பறிச்சுருவாங்க."

"பறிச்சா நான் சமைச்சுப் போடுறன். மச்சான் மௌத்தாப் போனா, வேற மச்சான எங்க போய் எடுப்பீங்க?"

"அப்பிடிக் கதைக்காத புள்ள."

"அப்ப இறக்குங்க."

நளீம் எழும்பினான். நிஃப்லாவும் யூஜீனியாவும் தோள் கொடுத்துத் தள்ள, படகு தண்ணீரைத் தொட்டது. அதற்குள் லெப்டினன்ட் இரண்டு சிப்பாய்களோடு மணலில் ஓடிவந்தார்.

"நிப்பாட்டுங்க! போனா உங்களப் பிடிக்க வேண்டி வரும்!"

நிஃப்லா முழங்கால் தண்ணீரில் நின்றபடி திரும்பினாள். "புடிங்க சேர். ஆனா கடல்ல வந்து புடிங்க. எங்களப் புடிக்க வாற போட்டும் தேடுற போட் ஒண்டுதானே."

அவர் சிப்பாய்களைக் கைகாட்டி நிறுத்தினார். பிறகு ஒதுங்கிப் போய் வானொலிக் கருவியில் சிங்களத்தில் வேகமாகக் கதைத்தார், கொஞ்சம் வாதாடினார் போலவும் இருந்தது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்ட காவல் போட் முன்னால போகும். நீங்க பின்னால வாங்க. விலகிப் போக வேண்டாம்."

யூஜீனியாவைக் கரையில் விட்டுவிட்டு நளீமும் நிஃப்லாவும் ஏறினார்கள். கரை மறைகிற தூரத்துக்கு நிஃப்லா போனது அதுதான் முதல்தரம். குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு மறுபடி படகின் முன்பக்கத்து அணியத்தில் போய் உட்கார்ந்தாள். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிற காலம் என்பதால், லெப்டினன்ட் தென்மேற்காகத் திருப்பியிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாதி எண்ணெய் முடிஞ்சிது. இதுக்கு மேல போனா திரும்ப ஏலா" என்றான் நளீம்.

"திரும்புறதுக்கு நேவிக்காரரிட்டக் கேப்பம். நீங்க ஓட்டுங்க."

"தர மாட்டன் எண்டா?"

"நானா, ஓட்டுங்க."

முதலில் கண்டது அவள்தான். கடலின் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் கண்ணாடிபோல மின்னியது. கிட்டப் போகப் போகத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது: ஒரு தென்னந்தோட்டத்தை மூடலாம், அவ்வளவு பெரிய வெள்ளைச் சவ்வு. ஒரு பக்கம் காற்றை வாங்கிப் பாய்போல உப்பியிருந்தது. அதன் நடுவில், பாதி மூடியபடி, சரீபின் படகு.

இழுத்துக்கொண்டிருந்த வலையின் மேலேயே பலூன் வந்து விழுந்திருந்தது. தப்பி ஓட இஞ்சினைப் போட்டபோது சவ்வு தண்ணீருக்குள் சுழலும் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. பிறகு காற்று பிடித்து, படகை இரவெல்லாம் வெளியே இழுத்துப் போயிருக்கிறது. பலூனில் தொங்கிய பெட்டி படகுக்கு வெளியே தண்ணீரில் கிடந்தது. அதன் கம்பிகள் றொபின்சனின் காலைச் சுற்றி இறுகியிருந்தன. கால் நீலம் பூத்துப் போயிருந்தது. அலை ஏறும்போதெல்லாம் பெட்டி இழுத்தது, றொபின்சன் முனகினான். சரீப் அவனைக் கட்டிப் பிடித்தபடி, உதடு வெடித்து, கண் மூடாமல் இருந்தான்.

"நீ எங்க இஞ்ச?" என்றான், நம்பாமல்.

"கூட்டிட்டுப் போக வந்தன்" என்றாள் நிஃப்லா. தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவனிடம் எறிந்தாள்.

லெப்டினன்ட் வானொலியில் அறிவித்தார். பதில் வந்ததும் அவர் முகம் மாறியது.

"ஒண்டையும் வெட்ட வேண்டாமாம். பெட்டியும் துணியும் முழுசா வேணுமாம். கொழும்பில இருந்து ஆக்கள் பெரிய கப்பல்ல வாறாங்க."

"எப்ப வருவாங்க?"

"பொழுது படும்."

நிஃப்லா றொபின்சனின் காலைப் பார்த்தாள். நளீம் வலை அறுக்கிற கத்தி பலகைக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, முக்காட்டை இடுப்பில் இறுக்கிச் செருகி, அடுத்த படகுக்குத் தாவினாள். கால் வழுக்கிச் சவ்வின்மேல் விழுந்தாள். தவழ்ந்தாள்.

"அக்கா, வெட்ட வேண்டாம்! அது சாட்சிப் பொருள்!"

"மனுசன்ட கால் சேர் இது!"

சவ்வு தோல்போலத் தடித்திருந்தது. முதல் வெட்டில் கத்தி வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தாள். கிழிந்தது. கம்பியை அந்தக் கத்தியால் வெட்ட முடியவில்லை. அறுத்து அறுத்துப் பார்த்தாள், உள்ளங்கையில் இரத்தம் வந்தது, விடவில்லை.

அப்போது லெப்டினன்ட் கருவியை வாயருகே எடுத்தார். இந்தமுறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். ஒரு ஆள் சிக்கியிருக்கிறார், நான் வெட்டச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையது. பதிலுக்குக் காத்திருக்காமல் கம்பி வெட்டுகிற குறட்டோடு ஒரு சிப்பாயை இறக்கினார். இரண்டாம் நெரிப்பில் கம்பி தெறித்தது. பெட்டியைக் கடற்படைப் படகில் கட்டினார்கள். றொபின்சன் பெருமூச்சோடு சரீபின் மடியில் சாய்ந்தான்.

நளீமுக்குத் திரும்புவதற்கு எண்ணெய் கொடுத்துவிட்டு, றொபின்சனைக் கடற்படைப் படகிலேயே முதலில் கொண்டுபோனார்கள். காலை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் ஊன்றி நடக்க மாதங்கள் ஆகும் என்றார் டொக்டர். யூஜீனியா ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அசையவில்லை.

மறுநாள் சரீபையும் நளீமையும் நிஃப்லாவையும் முகாமுக்கு அழைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார். லெப்டினன்ட் தமிழில் சொன்னார்.

"பலூன் துணியை முதல்ல வெட்டினது யார் என்று கேக்கிறார்."

நளீம் குனிந்துகொண்டான். சரீப் வாயைத் திறந்தான். லெப்டினன்டும் தன் பெயரைச் சொல்லப்போவதுபோல அதிகாரி பக்கம் திரும்பினார்.

"நான்" என்றாள் நிஃப்லா. "சேர் வேண்டாம் எண்டுதான் சொன்னாரு. அவர் பிறகுதான் உதவிக்கு வந்தாரு. முதல் வெட்டு என்னோடது. அப்பிடியே எழுதச் சொல்லுங்க."

அதிகாரி நிமிர்ந்து, கட்டுப் போட்டிருந்த அவள் கையைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இன்னொரு தரம் இப்பிடி நடந்தா என்ன செய்வீங்க என்று கேக்கிறார்."

"இன்னொரு தரம் நல்ல கத்தி கொண்டு போவன்."

லெப்டினன்ட் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதை உள்ளபடியே சொன்னார்.