ஒரே உரலில் இரண்டு உலக்கை

1962 பிப்ரவரி. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு யார் யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதற்காக, எங்கள் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தை முதலிலிருந்து திருப்பினார்கள். திங்கள் இலக்கணம், செவ்வாய் சொற்பொருள், புதன் செய்யுள், வியாழன் நிறுத்தக்குறிகள். முதல் மூன்று நாளும் பாஞ்சாலிதான் முதல். ஜவ்வாது மலைமேல் கல்லாத்துக்கொல்லையில் பிறந்தவள். சந்தவாசலில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். அவள் ஊரிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பதினோராம் வகுப்புக்கு வந்தவர் அதுவரை யாருமில்லை.

வியாழக்கிழமை தடுக்கி விழுந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தாள். எழுதியதிலும் கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை.

"இன்னாம்மா இது, மலையிலேர்ந்து உருட்டிவுட்ட பாறை கணக்கா?" என்றார் ஆங்கில ஆசிரியர் தேவராஜ் சார். வகுப்பே சிரித்தது. "திங்கக்கெழமை மறுபடி பாப்பேன். அப்பவும் இப்பிடியேன்னா உன் பேரை அனுப்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அவளும் அம்சவல்லி அக்காவும் ஒரே உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். புத்தகம் ஓரமாக மூடிக் கிடந்தது.

"வா ஷம்ஷாத். உனக்கு இன்னா, உன் பேரைப் பரீட்சைக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு நடுவுல நிறுத்துனா அடுத்தது மறந்துடுமோன்னு பயமா கீது."

நான் உரலைப் பார்த்தேன். இரண்டு உலக்கையும் மாறி மாறி இறங்கின. ஒரு தடவைகூட மோதவில்லை.

"எப்பிடிடி இடிச்சிக்காம குத்தறீங்க?"

"அக்கா குத்தறதுக்கு எடம் வுட்டுட்டுதான் நான் குத்துவேன். இல்லன்னா உலக்கை ஒடஞ்சிடும்."

"படிக்கறப்ப மட்டும் ஏன் அக்காவுக்கு எடம் வுட மாட்டேங்கற?"

உலக்கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சட்டம் போட்டாள்: கமா வந்தால் அக்கா ஒரு குத்து குத்தும்வரை நிறுத்த வேண்டும், முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு. நான் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சாமை உமி நீங்கி வெளுத்து முடிவதற்குள் மூன்று பக்கம் படித்துவிட்டாள்.

"எனக்கும் பாஸ் போடச் சொல்லுங்கடி, கமா பூரா நான்தானே குத்துனேன்!" என்றார் அக்கா.

திங்கள் காலை வகுப்பில் எழுந்து நின்று படித்தாள். நிறுத்த வேண்டிய இடமெல்லாம் நிறுத்தினாள். ஆனால் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும், உலக்கை போடுகிறவர்கள் மூச்சு விடுவதுபோல, 'உஸ்' என்றாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். உஸ். அதற்கடுத்தது. உஸ்.

"சிரிக்கறவங்க எழுந்து இந்த மாதிரி ஒரு பக்கம் படிங்க, பாப்போம்" என்றார் சார். ஒருவரும் எழவில்லை.

பிறகு கரும்பலகையில் குறிகளே இல்லாமல் ஒரு பத்தி எழுதினார். இருபத்திரண்டு குறிகள் போட வேண்டும். நான் மூன்றைத் தவறவிட்டேன். பாஞ்சாலி ஒன்றே ஒன்று.

"பரீட்சையில அந்த உஸ்ஸை மட்டும் எழுதிடாதம்மா" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தார்.

மதியம் பரீட்சைப் படிவம் நிரப்பப் பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். பாஞ்சாலியின் ஊர்ப் பெயர் வந்ததும் குமாஸ்தா கோபால்சாமி பேனாவைத் தூக்கியபடி யோசித்தார்.

"கல்லாத்துக்கொல்லையா? இங்கிலீஷ்ல இதை எப்பிடிம்மா எழுதறது? இதுவரைக்கும் யாரும் எழுதுனதே இல்லையே."

"குடுங்க சார், நான் எழுதறேன்."

பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக, நிதானமாக எழுதினாள். கோபால்சாமி மை காயும்வரை காத்திருந்தார். பிறகு பள்ளியின் பெரிய பதிவேட்டைத் திறந்து, அவள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்.