தீவனத்தில் கலந்த கல்யாண மண்

இப்போதெல்லாம் தீவன மூட்டையிலேயே களிமண் கலந்து வந்துவிடுகிறது. பிரித்துக் கொட்ட வேண்டியதுதான், வேறு வேலை இல்லை. நல்ல வசதி என்று ஊரே சொல்கிறது. தாமூவுக்கு மட்டும் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த மழை வருஷம் நினைவுக்கு வந்து மனசு கனத்துப்போகும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அது. அவர்கள் ஊரான கெமிஸ்ஸத் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில் மக்காச்சோளம் பூஞ்சை பிடித்துவிட்டது. அதைத் தின்ற வான்கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றன. அவற்றை விட்டால் வீட்டில் வேறு பிழைப்பு கிடையாது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சோளத்தை நிறுத்திப் பார்லி போடச் சொன்னார். கூடவே களிமண் பொடியும் கலக்க வேண்டுமாம். குடலில் கிடக்கும் பூஞ்சை விஷத்தை அது பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுமாம். பார்லி கிடைத்தது. பாலம் உடைந்ததில் களிமண் மட்டும் கடைக்கு வந்து சேரவில்லை.

அவள் புருஷன் மைமூனின் கண் அலமாரி மேலிருந்த ஜாடிக்குப் போனது. அதில் இருந்தது கஸூல், பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் மண். மகள் கல்யாணத்துக்கென்று தாமூவின் அம்மா ரோஜா இதழும் கிராம்பும் ஊறிய தண்ணீரில் பிசைந்து, மாடியில் காயவைத்துக் கொடுத்தது. அடுத்த குளிர்காலத்திலேயே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு தாமூ பெருநாளுக்குப் பெருநாள் ஒரு சிட்டிகைதான் எடுப்பாள்.

"மண்ணு மண்ணுதானே, நல்ல வீட்டுப் பொண்ணே" என்றான் மைமூன்.

"எங்கம்மாவக் கோழிக்கு அள்ளிப் போடச் சொல்றியா?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் எப்போதும் அவள் அங்கி ஓரத்தைக் கொத்தி இழுக்கிற பெட்டை ஒன்று, கூப்பிட்டும் எழாமல் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. ஜாடியைத் தானே இறக்கி, இடித்துத் தீவனத்தில் கலந்தாள்.

கிராம்பு நெடி பட்டதும் கோழிகள் பின்வாங்கிவிட்டன. "உங்கம்மா எதைக் கொடுத்தாலும் எனக்கும் முதல்ல பயமாத்தான் இருந்துச்சு" என்றான் மைமூன். அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கையில் அள்ளி நீட்டியபடி நடுவில் போய் உட்கார்ந்தாள். கிடந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி அந்தப் பெட்டைதான் முதலில் கொத்தியது. ஒன்று தின்றால் போதும், வான்கோழிக் கூட்டம் முழுக்க வந்து மொய்த்துக்கொள்ளும்.

கோழிகள் தேறின. ஜாடி காலி. ஆனால் ஒருநாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, எச்ச வீச்சத்துக்கு ஊடே ரோஜாவும் கிராம்பும் மணந்தன. கல்யாணத்தன்று அம்மா தலை தேய்த்துவிட்ட அதே வாசம். அன்றிலிருந்து தாமூ கொட்டகையில் வேலை இல்லாவிட்டாலும் போய் நின்றுவிட்டு வருவாள். கோழி நாற்றத்துக்கு இப்படி ஒரு பைத்தியமா என்று மைமூன் கேலி செய்வான்.

வளர்ந்ததும் கோழிகளை விற்று லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. புதுக் குஞ்சு வருவதற்குள் கொட்டகையில் கிடக்கும் எச்சத்தைக் கூட்டி அள்ள வேண்டும். மைமூன் மண்வெட்டியோடு வந்தான். வாசலில் நின்ற தாமூ நகரவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்றாள்.

மைமூன் அவள் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான்.

"அப்ப கதவச் சாத்து" என்றான். "வாசம் போயிடப் போகுது."